சமூகப் பங்களிப்பு: பத்து வீதம்

முன்பள்ளி ஒன்று. இருபதுக்குப் பதினெட்டு அடி.
முத்தையன்கட்டு இடதுகரை, வாய்க்கால் தாண்டி.
ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அன்று
சீமெந்து எழுநூற்றிருபது.
முதல் லோட் இறங்கிய அன்று எண்ணூற்றுப்பத்து.
இடையில் நடந்தது ஒன்றுமில்லை,
வவுனியாவில் ஒரு கடிதம்
மேசை மாறி மேசை போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மோட்டார்சைக்கிள் சீற்றில் பிளானை விரித்து
விறாந்தையில் இரண்டடி வெட்டினேன்.
நாலு யன்னலை மூன்றாக்கினேன்.
யேசுரட்ணம் மேசன் கரண்டியைத் துடைத்தபடி கேட்டார்:
"ஒண்டுக்கு அஞ்சோ மிஸ், ஆறோ?
ஆறெண்டாலும் நிக்கும்."
நிற்கும்தான்.
ஓட்டையோடு, கூரையில்லாமல்,
இந்தப் பக்கம் வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிய
இங்கே எத்தனையோ சுவர் நிற்கத்தான் செய்கிறது.
அஞ்சு என்றேன்.
ஆறென்று சொல்லியிருந்தால் எட்டுப் பை மிஞ்சியிருக்கும்.
அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே
எட்டை எண்ணூற்றுப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

பெயர்ப்பலகைக்கு மட்டும் காசு இருந்தது.
முப்பத்தையாயிரம், தொடக்கூடாது.
மூன்று மொழி, நாலு சின்னம்,
எந்தச் சின்னம் எத்தனை அங்குலம் என்றுகூட வந்திருந்தது.
வாசற்படிக்கு வரி இல்லை.
தரையோ ஒன்றரை அடி உயரம்,
வாய்க்கால் பெருகினால் இவ்வளவு வரும் என்று
சனம் தங்கள் முழங்காலில் தொட்டுக் காட்டிய உயரம்.

பத்தாவது வரி: சமூகப் பங்களிப்பு, பத்து வீதம்,
பணமாக அல்லது உழைப்பாக.
பாலைமரத்துக்குக் கீழே கூட்டம் வைத்தேன்.
பதினேழு பெண்கள். மூன்று ஆண்கள்,
அதில் ஒருவர் கடிதம் கொடுக்க வந்த தபால்காரர்.
"எதின்ரை பத்து வீதம்?" என்று தவமலர் கேட்டாள்.
நக்கலுக்கு அல்ல,
கணக்கு விளங்கத்தான்.

கார்த்திகையில் ஒருநாள் இரவு தறப்பாளைக் காற்று தூக்கிக்கொண்டு போனது.
ஒட்டுசுட்டான் அறையில் எனக்குத் தொலைபேசி.
"மிஸ், பயப்பிடாதேங்கோ, சீமெந்து எங்கட வீட்டுக்க."
பன்னிரண்டுக்குப் பத்துத் தகரக் கொட்டில் அது.
அப்ப நீங்கள்?
"நாங்கள் வெளியில. குடை கிடக்கு."

விடியப் போனேன்.
கதவு திறக்க முடியாமல் நாற்பது பை.
தகரத்துக்கும் மேல்பைக்கும் நடுவில் ஒரு முழ இடம்,
அதற்குள் கொள்ளக்கூடிய ஒரே ஆளான
அவளுடைய கடைசிப் பெடியன் குப்புறக் கிடந்தான்,
கன்னமெல்லாம் சாம்பல்.
இருட்டில் தூக்கும்போது கைதவறி
மூன்று பை வெள்ளத்தில் விழுந்துவிட்டதாம்.
அதற்காக மன்னிப்புக் கேட்டாள்.

பத்தாவது வரியை அன்றிரவு எழுதினேன்.
தூக்கியது இரண்டாயிரம் கிலோ. தூரம் எண்பது மீற்றர்.
ஆட்கள் ஆறு, எல்லோரும் பெண்கள்.
நாட்கூலிக் கணக்கில் ஆளுக்குக் கால் நாள்.
களஞ்சிய வாடகை: ரசீது இல்லை.
நனைந்ததற்கு விகிதம் இல்லை.
கூட்டினால் பத்து வீதத்துக்கு எட்டவேயில்லை.
தேத்தண்ணியைச் சேர்த்தேன்.
பிறகும் எட்டவில்லை.

மாசியில் கணக்காய்வாளர் வந்தார்.
நல்ல மனிதர், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.
"நூற்றிருபது வந்திருக்கிறது,
நூற்றிப்பதினேழுக்குத்தான் வேலை இருக்கிறது.
மூன்று பை எங்கே?"
அவர் இரண்டாவது பையில் நின்றுகொண்டிருந்தார்.

யேசுரட்ணம் கீழே பார்த்தார். நானும்.
கடதாசி உரிந்துபோயும்
பையின் மடிப்பும் தைத்த வாயும் கல்லில் அப்படியே இருந்தன.
கீழே இரண்டு, மேலே ஒன்று,
நாலு வயதுக் காலுக்கு அளவான உயரம்.
"மழையில்" என்றேன்.

இழப்பு, இரண்டாயிரத்து நானூற்றிமுப்பது ரூபா
என்று எழுதி, பேனையை மூடி,
ஏறி உள்ளே போனார்.

யேசுரட்ணம் செருப்பைக் கழற்றி
மேல்படியில் ஒருதரம் காலைத் தேய்த்துப் பார்த்தார்,
மாரிக்கு வழுக்குமோ என்று.